மருத்துவரிடம் கேளுங்கள்: மாரடைப்பும் பக்கவாதமும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து வந்தவை. ஏறத்தாழ எல்லாமே மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பற்றிக் கேட்பவை. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் காட்பாடி நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். அப்படிப்பட்ட மருத்துவ வசதி பக்கத்திலேயே இருந்தும், எங்கள் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டாதவர்கள் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இறந்துபோகிறார்கள். இது எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்ததா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்)

உங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று, ஐயா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019ஆம் ஆண்டில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தோர் 1 கோடியே 79 லட்சம் பேர். உலகில் அவ்வாண்டு நிகழ்ந்த மரணங்களில் இது 32 விழுக்காடு. இவற்றுள் 85 விழுக்காடு மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் வந்தவை. இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நடுத்தர, குறைந்த வருமானம் கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதால், இதைப் பணக்காரர்களின் வியாதி என்று சொல்லும் பழைய வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். இந்தியாவில் 1990இல் மொத்த மரணங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடாக இருந்த இந்நோய்களின் பங்கு, 2016இல் 28 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. அவ்வாறு இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 70 வயதை எட்டாதவர்கள்.

நீங்கள் சுட்டிக்காட்டிய வயது என்னைப் பல ஆண்டுகளாக உறுத்திவரும் செய்தி. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளில், முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது (பாதிப் பேருக்கு அதற்கு முன்பும் பாதிப் பேருக்கு அதற்குப் பின்பும் வரும் வயது) பிற நாட்டினருக்கு 59ஐ ஒட்டியிருக்க, தெற்காசியர்களுக்கு 53ஆக இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு குடும்பத்தில் என்னவெல்லாம் நடக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: மகளின் திருமணம், மகனின் கடைசி ஆண்டுப் படிப்பு, வீட்டுக் கடனின் மிச்சத் தவணைகள். சம்பாதிப்பவர் அந்த வயதில் விழுந்தால் ஓர் உயிரோடு குடும்பத்தின் வருமானமும் போகிறது. அந்த இழப்பு எந்த மருத்துவமனைக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இனி, மருத்துவமனை பக்கத்தில் இருந்தும் ஏன் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனை, 1961இல் திறந்த இதய அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்யும் அளவுக்கு வளர்ந்தது நம் ஊரின் பெருமை. ஆனால் பெரிய மருத்துவமனை என்பது நோய் முற்றியவர் போய்ச் சேரும் இடம். நோய் உருவாவதோ வீட்டிலும், தறிக்கூடத்திலும், தோல் தொழிற்சாலையிலும், இரண்டு மூன்று பத்தாண்டுகளாக ஓசையில்லாமல் நடக்கும் காரியம். வேலூர் நகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 1991–94இல் எடுத்த கணக்கையும் 2010–12இல் மீண்டும் எடுத்த கணக்கையும் இங்குள்ள மருத்துவர்களே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீரிழிவும் உடல் பருமனும் இரு பகுதிகளிலும் ஏறியிருந்தன. கிராமம் நகரத்தை வேகமாக எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. கழனியில் உழைப்பவருக்கு இதெல்லாம் வராது என்ற நம்பிக்கைக்கு இப்போது இடமில்லை.

என்னை மிகவும் வருத்தும் எண் வேறொன்று. தமிழ்நாட்டில் 2020இல் நடத்தப்பட்ட ஆய்வில், வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினரே, நூறு பேரில் தொண்ணூற்று இரண்டு பேருக்கு மேல் கட்டுப்பாடின்றி இருந்தார்கள் என்று இதற்குப் பொருள். பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது; தெரிந்தவர்களில் பலர் மருந்து எடுப்பதில்லை; எடுப்பவர்களில் பலருக்கு அளவு போதவில்லை. குடியாத்தத்தில் உங்கள் தெருவில் நடப்பதற்கு முதன்மையான விளக்கம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. இதைச் சரிசெய்ய அறுவை அரங்கு தேவையில்லை. கையில் கட்டும் பிரஷர் கருவியும், நாளுக்கு ஒன்றோ இரண்டோ மாத்திரையும், விடாமல் பின்தொடரும் ஒரு செவிலியரும் இருந்தால் போதும்.

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுகிறார், வயது 46. பிரஷர் 170/100 இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். தலைசுற்றல் நின்றதும் அவராகவே நிறுத்திவிட்டார். மாத்திரையைத் தொடங்கினால் ஆயுளுக்கும் விட முடியாது, கிட்னி கெட்டுவிடும் என்று பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் சொல்கிறார்கள். உண்மையா? (பீடித் தொழிலாளி, பள்ளிகொண்டா)

அம்மா, சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர்தான். சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்கள் ஓயாத அழுத்தத்தைத் தாங்க முடியாமல் தடித்துச் சுருங்குகின்றன. மாத்திரை அந்த அழுத்தத்தை இறக்குவதால் சிறுநீரகத்துக்குக் காவலாகவே இருக்கிறது. மருந்து எடுத்துக்கொண்டிருந்தவருக்குப் பின்னாளில் சிறுநீரகம் பழுதாவதைப் பார்த்தவர்கள், பழியை மாத்திரையின் மீது போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்பே பல ஆண்டுகள் அளக்கப்படாமல் இருந்த அழுத்தம் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சில மாத்திரைகளுக்கு, தொடங்கிய பின் ஓர் இரத்தப் பரிசோதனை தேவைப்படும் என்பது மெய். அதை மருத்துவர் சொல்வார். வலிக்காகக் கடையில் கேட்டு வாங்கி நாள்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளைத்தான் சிறுநீரகத்தின் பொருட்டு அஞ்ச வேண்டும். நீண்ட தூரம் வண்டி ஓட்டுபவர்கள் முதுகுவலிக்கு அவற்றைச் சர்வசாதாரணமாகப் போட்டுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அவை பிரஷரையும் ஏற்றிவிடும்.

தலைசுற்றல் நின்றதால் நோய் தீர்ந்தது என்று அவர் எண்ணியது இயல்பே. ஆனால் உயர் இரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. 170இல் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, வண்டி ஓட்டுபவர்கள் ஏராளம். மேல் அளவு 10 புள்ளி குறைந்தாலே பக்கவாதம் வரும் வாய்ப்பு கால்பங்குக்கும் சற்று மேலாகக் குறைகிறது என்று, பல்லாயிரக்கணக்கானோரிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது தெளிவாகியிருக்கிறது. ஆயுளுக்கும் மாத்திரையா என்றால், பெரும்பாலோருக்கு ஆம் என்பதே நேர்மையான பதில். உடல் எடை குறைந்து உப்பும் குறைந்தால் அளவைக் குறைக்க முடியும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். சாலையில் அவர் கையில் இருப்பது அவர் உயிர் மட்டுமன்று என்பதையும் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய ஆயிரம் பீடிக் கூலி போய்விடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மருந்தை விட்டவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று குறை சொல்லும் மருத்துவர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் அடிப்படை நோக்கமே, பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதுதான். உங்கள் பகுதித் துணை சுகாதார நிலையத்தில் கணவரின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அவர் வெளியூர் ஓட்டத்தில் இருக்கும் காலத்துக்கும் சேர்த்து மாத்திரை தருமாறு கேளுங்கள். அப்படியே உங்களுக்கும் ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள், உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கேள்வி: சென்ற மாதம் அம்மாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறி, இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. உறவினர்கள், வாதத்துக்குப் புறா இரத்தம் தேய்க்க வேண்டும் என்றார்கள். சிலர், சரியாகிவிட்டதே, விடு என்றார்கள். மருத்துவமனைக்குப் போகவில்லை. இனி என்ன செய்வது? (காலணித் தொழிற்சாலை ஊழியர், ஆம்பூர்)

இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த அன்றே அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டு, தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கியதன் அடையாளம் அது. அதற்குச் சிகிச்சை செய்யாமல் விட்டால், பத்தில் ஒருவருக்கு மூன்று மாதங்களுக்குள் முழுமையான பக்கவாதம் வருகிறது. அவற்றில் பாதி, முதல் இரண்டு நாள்களிலேயே வந்துவிடுகிறது. அம்மா அந்த இரண்டு நாள்களைத் தாண்டிவிட்டார் என்பது ஆறுதல். ஆபத்து முழுதும் நீங்கிவிடவில்லை. பிரஷர், சுகர், கொழுப்பு, நாடித்துடிப்பின் ஒழுங்கு, கழுத்து இரத்தக்குழாய் ஆகியவற்றைப் பார்த்து மருந்து தொடங்குவார்கள்.

புறா இரத்தம் தேய்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. அடைப்பு இருப்பது மண்டைக்குள். தோலின் மீது பூசும் எதுவும் அங்கே போய்ச் சேராது. இதைவிட முக்கியமாக, அதைத் தேடி அலையும் நேரத்தில் மூளை அழிந்துகொண்டே இருக்கிறது. பெரிய இரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை. வாய் கோணிய நொடியில் தொடங்கிவிடுகிறது. விடியட்டும், அண்ணன் வரட்டும், குடும்ப மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கழிகிற ஒவ்வொரு மணியும் அதிலிருந்தே கழிகிறது.

முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா, இரண்டு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். வாயில் தண்ணீரோ மாத்திரையோ எதுவும் கொடுக்க வேண்டாம்; விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மாரடைப்புக்குக் கொடுக்கும் ஆஸ்பிரினை இங்கே வீட்டில் கொடுப்பது தவறு. பக்கவாதம் அடைப்பாலும் வரலாம், இரத்தக் கசிவாலும் வரலாம். எது என்று சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைப் பெருக்கிவிடும். ஆகையால், ஸ்கேனும் கரைக்கும் ஊசியும் இரவிலும் கிடைக்கும் மருத்துவமனை எது என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: நெஞ்சு வலியையும் வாயுப் பிடிப்பையும் எப்படிப் பிரித்தறிவது? எங்கள் ஊர் ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது. இரவில் வண்டி கிடைப்பதும் அரிது. (விவசாயி, ஒடுகத்தூர் அருகே)

வீட்டில் பிரித்தறிய முயல வேண்டாம் என்பதுதான் என் பதில். நடு நெஞ்சில் இறுக்கம் அல்லது பாரம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தெரிந்த அடையாளங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியும் குமட்டலும் மூச்சு வாங்குதலுமாக மாரடைப்பு வருவது உண்டு. சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டுக் காத்திருந்த இரண்டு மணி நேரம் எத்தனையோ பேருக்கு விலை கொடுத்து மீட்க முடியாத நேரமாகிவிட்டது. ஈ.சி.ஜி. எடுத்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் அதில் எந்த நட்டமும் இல்லை.

உங்களைப் போலத் தொலைவில் இருப்பவர்களுக்காகவே 2023 ஜூனில் இதயம் காப்போம் திட்டம் தொடங்கப்பட்டது. மாரடைப்பின் அறிகுறியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் ஆகிய மூன்று மருந்துகளின் தொடக்க அளவை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அதன் முறை. எனவே 108 வரத் தாமதமானால் முதலில் அங்கே போங்கள். நெஞ்சு வலி உள்ளவர் தாமே இரு சக்கர வண்டி ஓட்டிச் செல்லக்கூடாது, நடந்தும் போகக்கூடாது.

சிறிய மருத்துவமனையில் கரைக்கும் ஊசியைப் போட்டு, பின் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட இதயக் குழாயைப் பலூன் கொண்டு திறப்பது) வசதியுள்ள இடத்துக்கு மாற்றுவது இரண்டாந்தரச் சிகிச்சை என்று சிலர் தயங்குகிறார்கள். அப்படியன்று. தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்சையும் ஒரே வலையாகப் பின்னி நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. கடும் மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தோரின் பங்கு, அந்த ஏற்பாட்டுக்கு முன் 17.6 விழுக்காடாக இருந்தது. ஏற்பாட்டுக்குப் பின் 14.2 விழுக்காடாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லாமல், இருக்கிற மருந்தை உரிய நேரத்தில் உரிய இடத்தில் கொடுத்ததால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் அவை. மலை ஊர்களுக்கு நல்ல பாதை வேண்டும் என்று நீங்கள் கிராம சபையில் எழுப்பிய கோரிக்கையையும் இதய நோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: சிகரெட்டை விட்டுப் பீடிக்கு மாறினால் நெஞ்சுக்கு நல்லதா? (தோல் பதனிடும் தொழிலாளி, இராணிப்பேட்டை)

இல்லை. பீடி அணையாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருப்பதால் நச்சு குறைவதில்லை. வாயில் அடக்கும் புகையிலையும் இரத்தக்குழாய்க்குத் தீங்கே. முழுவதுமாக விட்டால் ஓராண்டுக்குள், புகைப்பதால் கூடிய மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறையும். விட முடியாமல் தவித்தால் அரசு மருத்துவமனையில் உதவி கேளுங்கள்.

கேள்வி: இந்துப்பு, பொட்டாசியம் உப்பு என்றெல்லாம் விற்கிறார்களே, எதை வாங்கலாம்? (இல்லத்தரசி, வாணியம்பாடி)

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம்தான். அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலையால் பிரஷர் குறையாது. பொட்டாசியம் கலந்த உப்பின் கதை வேறு. சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், அத்தகைய உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகைப் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

எந்த உப்பாக இருந்தாலும் அளவுதான் முதல் செய்தி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகின் சராசரியோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் ஆகியவை மறைவாகச் சேர்க்கும் உப்பையும் கணக்கில் கொள்ளுங்கள். விருந்து நாளில் சாப்பிடும் பிரியாணியைவிட, நாள்தோறும் மூன்று வேளையும் தட்டின் ஓரத்தில் இருக்கும் ஊறுகாய்தான் என் கவலை.

கேள்வி: பன்னிரண்டு வயது மகளுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. இதய வால்வில் பாதிப்பு என்று சொல்லி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடச் சொல்கிறார்கள். எவ்வளவு காலம்? நிறுத்தினால் என்ன? (கூலித் தொழிலாளி, திருப்பத்தூர்)

தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமித் தொற்றுக்குப் பின், அதை எதிர்க்க எழும் உடலின் ஆற்றல் தன் இதய வால்வையே தாக்குவதால் வரும் வாத இதய நோய் இது. இருபது வயதுகளில் பக்கவாதம் வந்த பெண்களைச் சோதிக்கும்போது, சிறுவயதில் கண்டுகொள்ளப்படாத இந்நோயால் சுருங்கிய வால்வும், அங்கே உறைந்து மூளைக்குப் போன இரத்தக் கட்டியும் தெரியவருவது உண்டு. பலருக்கு முதல் கர்ப்பத்தின்போது மூச்சுத் திணறல் வந்த பிறகே நோய் வெளிப்படுகிறது. உங்கள் மகளுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. அதனால் காப்பாற்ற வழியும் இருக்கிறது.

அந்தப் பென்சிலின் ஊசி, ஏற்பட்ட பாதிப்பைப் போக்குவதற்காகப் போடுவதன்று. அடுத்த தொற்று வந்து வால்வை மேலும் கெடுக்காமல் தடுப்பதற்காகப் போடுவது. ஒவ்வொரு தவறிய ஊசியும் ஒரு கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம். குறைந்தது பத்தாண்டுகள், அல்லது 21 வயது வரை, இவற்றில் எது நீண்டதோ அதுவரை போட வேண்டும். வால்வில் பாதிப்பு இருப்பதால் அதற்கும் மேல் நீளலாம். பள்ளித் தேர்வு, திருவிழா, ஊர்ப் பயணம் எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். வலிக்கிறது என்று குழந்தை அழும். அதற்காக வைக்கோல் பொம்மை போல நின்றுவிடாமல், செவிலியரிடம் மெதுவாகப் போடச் சொல்லி உடனிருங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள அம்மா வேலையை விட்டுவிட்டார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி நாங்கள் செய்யக்கூடியது என்ன? (கல்லூரி மாணவி, ஆர்க்காடு)

உயிர் பிழைத்தவர்களைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம், மகளே. பக்கவாதம் ஒருவரைப் படுக்க வைக்கும்போது, வீட்டில் இன்னொருவரின் உழைப்பையும் முடக்கிவிடுகிறது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவியோ மருமகளோதான்.

முதல் மூன்று மாதங்களில்தான் இழந்த அசைவு அதிகமாகத் திரும்புகிறது; பிறகும் மெல்லத் திரும்பும். எனவே உடற்பயிற்சிச் சிகிச்சையை இப்போதே தொடங்க வேண்டும். நான் மேலே சொன்ன மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவரும், படுக்கையில் இருப்போரைக் கவனிக்கும் செவிலியரும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை அப்பாவைத் திருப்பிப் படுக்க வையுங்கள். இல்லையேல் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்பட்டை இறங்கிவிடும். நிமிர்த்தி உட்கார வைத்த பிறகே உணவு கொடுங்கள். இருமினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு முறை வந்தது மறுபடியும் வரக்கூடும் என்பதால் அவருடைய மாத்திரைகளில் ஒன்றும் தவறக்கூடாது.

அவர் அடிக்கடி அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு மிகுதியாக வருகிறது, அதற்கு மருந்தும் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு விண்ணப்பித்து, பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். வாரத்தில் சில மணி நேரமாவது உறவினர் ஒருவர் அப்பாவுடன் இருக்க, அம்மா வெளியே போய்வர ஏற்பாடு செய்யுங்கள். அம்மாவின் பிரஷரையும் யாராவது பார்க்க வேண்டும். அவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது என்று எழுதியிருக்கிறீர்கள்.